வெட்டை நோய்: மருந்துக்கு அடங்காத கிருமியைக் கண்காணிப்போம்



பசுமலை பகுதிக் குழுக் கூட்டங்களில் கடன், சேமிப்பு என்றால் எல்லோரும் சத்தமாகப் பேசுகிறோம். வெள்ளைப்படுதல், அடிவயிற்று வலி என்றால் மட்டும் குரல் இறங்கிவிடுகிறது. "டாக்டர்கிட்ட சொல்ல வெக்கமா இருக்குக்கா, மெடிக்கல்ல ரெண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கிட்டேன்" என்று எங்கள் காதோடு சொல்பவர்கள் உண்டு. அந்த ரெண்டு மாத்திரையைப் பற்றித்தான் இந்த மாதம் பேசப்போகிறோம்.

வெட்டை நோய் என்றால் என்ன?

ஊரில் வெட்டை என்று சொல்லும் கொனோரியா, உடலுறவு மூலம் பரவும் கிருமியால் வருவது. ஆண்களுக்குச் சிறுநீர் எரிச்சல், சீழ் வரும். பெண்கள் பலருக்கு ஒன்றுமே தெரியாது. ஆனால் உள்ளே இருந்தபடியே கருக்குழாயை அடைத்துவிடலாம். பிறகு "பிள்ளை இல்லாதவள்" என்ற பழியும் நம் தலையில்தான் விழும். பிரசவத்தின்போது குழந்தையின் கண்ணையும் இது தாக்கும். எல்லா வெள்ளைப்படுதலும் பால்வினை நோய் அல்ல. எது என்று பார்த்துச் சொல்ல வேண்டியவர் டாக்டர்தான்.

கிருமிக்கு மருந்து பழகிப்போவது எப்படி?

ஒரே பூச்சிமருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் தாங்குகிற பூச்சிகள் மட்டும் தப்பிப் பெருகும் அல்லவா? கிருமியும் அப்படித்தான். 1940களில் பென்சிலின் ஊசி போட்டாலே வெட்டை குணமானது. இன்று அது பலிப்பதில்லை. பிறகு வந்த சிப்ரோபிளாக்சசின் மாத்திரையும் இந்தியாவில் பெரும்பாலும் பலனற்றுப் போய்விட்டது.

யார் கண்காணிக்கிறார்கள்?

டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனையில் இதற்கான தலைமை மையம் இருக்கிறது. நம் மாநிலத்தில் சென்னை மருத்துவக் கல்லூரியின் பால்வினை நோய் நிலையம் மண்டல மையமாக இருக்கிறது. நோயாளியிடம் பஞ்சுக்குச்சியால் எடுத்த சீழைத் தட்டில் தடவி, பாலுக்குப் புரை ஊற்றி வைப்பதுபோல இதமான சூட்டில் ஓரிரு நாள் வைப்பார்கள். மேலே மருந்து தோய்த்த சிறு வில்லைகளையும் வைப்பார்கள். வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் அகலமான வட்டம் விழுந்தால் அந்த மருந்து இன்னும் வேலை செய்கிறது. வட்டம் விழாவிட்டால் அதை மாற்ற வேண்டும்.

இதனால் நமக்கு என்ன? ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெரும்பாலும் அறிகுறியைப் பார்த்தே மருந்து தருகிறார்கள். அங்கே தரும் மருந்து பலிக்குமா என்பதைச் சொல்வது இந்தச் சோதனைதான். நாம் வெட்கப்பட்டு வீட்டிலேயே இருந்தால் நம் உடம்பில் உள்ள கிருமி அந்தத் தட்டுக்குப் போகவே போகாது.

நாம் செய்ய வேண்டியது

• அரசு இராசாசி மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவுக்கோ, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போகலாம். சிகிச்சை இலவசம், ரகசியம் காப்பார்கள்.
• கணவருக்கும் சேர்த்துச் சிகிச்சை வேண்டும். ஒருவர் மட்டும் சாப்பிட்டால் நோய் திரும்ப வரும்.
• சீட்டு இல்லாமல் மாத்திரை கேட்காதீர்கள். 2014 மார்ச் முதல் செபிக்சிம் போன்ற மருந்துகளை விற்றால் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது சட்டம்.
• மருந்து சாப்பிட்டும் குறையவில்லையா? கட்டாயம் திரும்பப் போய்ச் சொல்லுங்கள். கிருமி மருந்துக்கு அடங்கவில்லை என்பதற்கு அதுவே முதல் அடையாளமாக இருக்கலாம்.
• சந்தேகம் இருந்தால் 1097 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.

அடுத்த கூட்டத்தில் இதை வாசித்துக் காட்டுங்கள். தனியாகப் போகத் தயங்கும் சகோதரிக்கு நம்மில் ஒருத்தி துணைக்குப் போவோம்.