அண்ணனும் தங்கையும் எழுதிய புதுப்பட்டி

மூன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறாள். பத்து நிமிட நடைதான். ஆனால் குரங்காட்டி, பாம்பாட்டி, கோயில், கடைத்தெரு என்று ஒவ்வொன்றாக நின்று வேடிக்கை பார்த்து வந்தால் அரைமணி நேரத்துக்கு மேல் ஓடிவிடும். தெருமுனைக் களத்தில் மாடு கட்டிப் போரடிக்கிறார்கள். நிலத்துக்காரர் கல்லில் சாக்கை விரித்து உட்கார்ந்திருக்கிறார். அப்போது அவள் தெருப் பெரியவர் ஒருவர் கடைப் பக்கமிருந்து ஒரு பொட்டலத்தோடு வருகிறார். வடையோ பஜ்ஜியோ தெரியவில்லை, காகிதம் முழுக்க எண்ணெய். பொட்டலத்தில் கைபடாமல், கட்டிய நூலை மட்டும் விரல்நுனியில் பிடித்துத் தூக்கி வந்து, உடம்பை வளைத்து நிலத்துக்காரரிடம் நீட்டுகிறார். இவ்வளவு பெரிய மனிதர் இத்தனை சின்னப் பொட்டலத்தை இப்படித் தூக்கி வருகிறாரே என்று சிறுமிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வீட்டுக்கு ஓடி அண்ணனிடம் நடித்துக் காட்டுகிறாள்.

அண்ணன் சிரிக்கவில்லை. நம் சாதிக்காரர் கைபட்டால் அவர்களுக்குத் தீட்டு, அதனால்தான் நூலைப் பிடித்துத் தூக்கிப் போனார் என்று விளக்குகிறான். அவளுக்கு வந்த சிரிப்பு கோபமாகிறது. அந்த வடையை இப்போதே போய்த் தொட்டுவிட வேண்டும் போலிருக்கிறது.

1992இல் வெளிவந்த பாமாவின் ‘கருக்கு’ நூலில் வரும் காட்சி இது. பாமா 1958இல் பிறந்தவர். ஊர், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடக்கே, வத்திராயிருப்பை ஒட்டி மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இருக்கும் புதுப்பட்டி. அதே வீட்டில் 1950இல் பிறந்த அண்ணன் ராஜ் கௌதமன், புதுச்சேரியில் பேராசிரியராக இருந்தவர், தமிழின் முக்கியமான ஆய்வாளர். தங்கை எழுதிப் பத்தாண்டு கழித்து, 2002இல், அவரும் தன் இளமைக்காலத்தை ‘சிலுவைராஜ் சரித்திரம்’ என்ற நாவலாக எழுதினார். ஒரே ஊர், ஒரே தெரு, ஒரே வீடு. இரண்டு புத்தகங்களின் குரலோ ஒன்றுக்கொன்று ஒட்டாது.

பாகுபாட்டைக் குழந்தையின் கண்வழியே காட்டும் நாவல் என்றதும் ஆங்கில இலக்கிய மாணவர்கள் ஹார்ப்பர் லீயின் ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ நாவலைத்தான் சொல்வார்கள். 1960இல் வந்து, அடுத்த ஆண்டே புலிட்சர் பரிசு பெற்ற நாவல். கதை சொல்லும் ஸ்கவுட் வெள்ளைக்காரச் சிறுமி. கதை தொடங்கும்போது அவளுக்கு ஏறக்குறைய ஆறு வயது. செய்யாத குற்றத்துக்காக டாம் ராபின்சன் என்ற கறுப்பர் கூண்டில் நிற்கிறார். அவருக்காக வாதாடுபவர் அவளுடைய அப்பா. கறுப்பர்களுக்கு ஒதுக்கிய மாடத்தில் உட்கார்ந்து அவள் வழக்கைப் பார்க்கிறாள். உலகம் நியாயமில்லாதது என்று அங்கே கற்றுக்கொள்கிறாள். ஆனால் வழக்கு முடிந்ததும் தன் வீட்டுக்குத் திரும்பிவிட முடிகிறது. டாமுக்கும் பிள்ளைகள் உண்டு. கதை சொல்லும் இடம் அவர்களுக்குக் கிடைப்பதில்லை.

புதுப்பட்டிச் சிறுமி டாமின் பிள்ளைகள் இருந்த இடத்திலிருந்து பேசுகிறாள். ஸ்கவுட் வளர வளர மற்றவர் படும் பாட்டைப் புரிந்துகொள்கிறாள் என்றால், இவள் வளர வளர ஊர் தன்னை எங்கே வைத்திருக்கிறது என்பதைப் புரிந்துகொள்கிறாள். இப்படிப்பட்ட கதைகளைப் படிக்கும்போது யார் பார்க்கிறார்கள், யார் விளக்குகிறார்கள், விளக்கம் கேட்டபின் பாத்திரத்துக்குத் திரும்பிப் போக இடம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே போனால் பாதி நாவல் பிடிபட்டுவிடும்.

‘கருக்கு’வில் கதை நேர்கோட்டில் போவதில்லை. ஊர், வேலை, படிப்பு, சாமி, விளையாட்டு என்று ஒவ்வொரு பக்கமாக எடுத்து, அதே வாழ்க்கையைத் திரும்பத் திரும்பப் புரட்டிப் பார்க்கிறது. பாட்டிகள் நாயக்கர் வீடுகளில் வேலை செய்கிறார்கள். அவர்களுக்குக் குடிக்கத் தண்ணீரை அந்த வீட்டார் உயரத்தில் இருந்து ஊற்றுகிறார்கள், மீந்த சோறும் அப்படியே. அந்த வீட்டுச் சின்னப் பிள்ளைகள்கூடப் பாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். பேத்திக்கு இது பொறுக்கவில்லை. பாட்டிகளுக்கோ, சோறு போடுகிற மகராசர்கள் அவர்கள். ஒடுக்குகிறவர் கெட்டவர், ஒடுக்கப்படுகிறவர் போராளி என்ற எளிய வாய்ப்பாட்டில் பாமா தன் பாட்டிகளை அடைக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் தென்னை மரத்தடியில் விளையாடும்போது குரும்பை விழுந்தால் திருட்டுப் பட்டம் கட்டுகிறார் தலைமையாசிரியர். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் எந்தத் தெரு என்று விசாரித்துவிட்டு வேறு இருக்கைக்கு மாறிப் போகிறார். கல்லூரியில் விருந்து நாளில் உடுத்த நல்ல சேலை இல்லாமல், விருந்து முடியும்வரை குளியலறையைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இருக்கிறாள். ஏழைகளுக்கு உழைக்கலாம் என்று கன்னியர் மடத்தில் சேர்கிறாள். மடம் நடத்தும் பள்ளியில் வசதியான வீட்டுப் பிள்ளைகளைத்தான் பார்க்கிறாள். ஏழு ஆண்டுக்குப் பிறகு வெளியே வந்து எழுதியதுதான் இந்த நூல். நெடுக அந்த வட்டாரத்துப் பேச்சுத் தமிழ். மேற்கோள்குறிக்குள் மட்டும் வட்டார வழக்கு, கதை சொல்ல நல்ல தமிழ் என்றிருந்த ஏற்பாட்டை அது கண்டுகொள்ளவே இல்லை.

அண்ணனின் புத்தகத்தில் ‘நான்’ கிடையாது. சிலுவைராஜ் என்றொரு பையனை எட்டத்தில் நிறுத்தி, அவனைக் கேலி செய்துகொண்டே ராஜ் கௌதமன் எழுதுகிறார். அப்பா ராணுவத்தில் இருக்கிறார். பையன் ஊரில் சேட்டை செய்கிறான், கிறிஸ்தவ விடுதிகளில் தங்கிப் படிக்கிறான், கண்டதையும் வாசிக்கிறான். பட்டமும் வாங்கிவிடுகிறான். வேலைதான் கிடைக்கவில்லை.

அதற்குக் காரணம் ஒரு சட்டம். பட்டியல் சாதிகளை வரையறுத்த குடியரசுத் தலைவர் ஆணை 1950இல் வந்தது, ராஜ் கௌதமன் பிறந்த அதே ஆண்டில். இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர் ஆகலாம் என்றது அந்த ஆணை. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களைச் சேர்க்கவில்லை. தெருவில் சிலுவைராஜைத் தள்ளி நிறுத்துவது சாதி, ஆனால் ஞானஸ்நானம் பெற்றவன் என்பதால் அந்தச் சாதிக்கான சான்றிதழ் அவனுக்குக் கிடையாது. கடைசியில் வேலைக்காக அவன் இந்துவாக மதம் மாறுகிறான். ஊருக்கு அவன் எப்போதும் ஒரே ஆள்தான். அரசாங்கத்துக்கு மட்டும்தான் ஒரே நாளில் வேறு ஆளாகிறான். இதைக் கண்ணீர் விட்டு எழுதியிருக்கலாம். ராஜ் கௌதமன் நமுட்டுச் சிரிப்போடு எழுதினார்.

இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் ஒரு விஷயம் துலங்கும். ‘கருக்கு’வின் அண்ணனுக்குப் பதில் தெரியும். நன்றாகப் படி, முதல் ஆளாக வா, பிறகு எல்லாரும் உன்னைத் தேடி வருவார்கள் என்று தங்கைக்குச் சொல்லும் அளவுக்கு நம்பிக்கை. தங்கையும் படித்து முதலாவதாக வருகிறாள். பத்தாண்டு கழித்து வந்த அண்ணனின் நாவலில், அந்தத் தலைமுறைப் பையன் படிப்பை முடித்துவிட்டுக் கையில் காசில்லாமல், வழி தெரியாமல் அலைகிறான். தங்கையின் கண்ணில் ஆளாகிவிட்டவனாக நின்ற அண்ணனுக்குள்ளும் அப்படியொரு பையன் இருந்திருப்பானோ என்று வாசகர் யோசிக்கத் தொடங்குவார்.

பக்கத்துக் கரிசல் பூமியில் இன்னொரு பிள்ளையும் உண்டு. கோவில்பட்டிக்காரரான பூமணி 1982இல் எழுதிய ‘வெக்கை’யின் சிதம்பரத்துக்கு வயது பதினைந்து. அண்ணனைக் கொன்றவனை வெட்டிவிட்டு அப்பாவோடு காட்டில் ஒளிந்து திரிகிறான். நாவலில் எந்தச் சாதியின் பெயரும் இல்லை. 2019இல் வெற்றிமாறன் இதை ‘அசுரன்’ ஆக்கியபோது தனுஷ் நடித்த அப்பா நடுவுக்கு வந்தார், பையன் ஓரத்துக்குப் போனான். கொங்கு நாட்டில் பெருமாள்முருகனின் ‘கூள மாதாரி’ (2000) பண்ணையத்தில் ஆடு மேய்க்கும் சிறுவனைப் பின்தொடர்கிறது. முதலாளியின் மகன் அவனுக்கு விளையாட்டுத் தோழன். இருவரும் வளர வளர அந்தத் தோழமை தாங்குமா என்பதே அங்கே கேள்வி.

‘கருக்கு’ வந்த புதிதில் சொந்த ஊரே பாமா மீது கோபப்பட்டது. நம் வீட்டு விஷயத்தை ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டாளே என்ற கோபம். சில மாதங்கள் ஊருக்குள் போக முடியவில்லை என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 2000இல் லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்து கிராஸ்வேர்ட் விருது பெற்றபின், நூல் பல பல்கலைக்கழகங்களில் பாடமானது. ராஜ் கௌதமனுக்கு 2018இல் விஷ்ணுபுரம் விருது கிடைத்தது. 2024 நவம்பரில் அவர் காலமானார்.

சிலுவைராஜை மதம் மாற வைத்த ஆணையை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் பல ஆண்டுகளாக நடந்து வருகின்றன. 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு, முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் ஒன்றை அமைத்தது. மதம் மாறியவர்களுக்கும் பட்டியல் சாதித் தகுதி தரலாமா என்று ஆராய்வதுதான் அதற்குக் கொடுத்த வேலை.