நடிப்பை மதிப்பிடுவது எப்படி?

உரத்த குரலில் வசனம் பேசுவதே சிறந்த நடிப்பு என நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். 1952-இல் வெளிவந்த 'பராசக்தி'யின் நீதிமன்றக் காட்சியே எனக்கு அளவுகோல். ஒருநாள் வகுப்பில் அதனைப் புகழ்ந்தபோது மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, அங்கே சிறந்தது வசனமா, நடிப்பா?" என்று வினவினான். விடையின்றி நின்றேன்.

அதன்பின் 'அந்த நாள்' படத்தைக் கருத்தூன்றிப் பார்த்தேன். 1954-இல் எஸ். பாலசந்தர் இயக்கிய அப்படத்தில் பாட்டே இல்லை. கொலையுண்ட வானொலிப் பொறியாளன் ராஜனைப் பற்றிப் பலரும் கூறும் கூற்றுகளால் கதை வளர்கிறது. கூற்றுக்கேற்ப அவன் வெவ்வேறாகத் தோன்றினும், சிவாஜி கணேசன் அவனை ஒரே மனிதனாகவே காட்டுகிறார். இங்கே வசனத்தின் முழக்கம் இல்லை. பார்வையும் அசைவும் பேசுகின்றன.

1965-இல் வந்த 'திருவிளையாடல்' படத்தில் தருமியாக நாகேஷ் புலம்பும்போது நாம் சிரிக்கிறோம். ஆயினும் அவனது வறுமை நெஞ்சை விட்டு அகல்வதில்லை. நகைப்பினூடே இரக்கத்தையும் எழுப்புவது எளிய கலையன்று.

ஆகவே படம் பார்க்கையில் மூன்று வினாக்களை எழுப்புங்கள். ஓசையை நீக்கினாலும் முகம் பேசுமா? பிறர் பேசும்போது நடிகர் உண்மையாகச் செவிமடுக்கிறாரா? முடிவில் நினைவில் நிற்பவர் நடிகரா, பாத்திரமா?

ஒலியை அடக்கிப் 'பராசக்தி'யை மீண்டும் பார்த்தேன். கணேசனின் கண்கள் அப்போதும் வாதாடின. சொல்லின் பெருமை மு. கருணாநிதிக்கு உரியது, அதற்கு உயிரூட்டிய பெருமை நடிகருக்கு உரியது. அன்று வினவிய மாணவனுக்கு, காலந்தாழ்த்தியேனும், இதுவே என் விடை.