சாலை வழியே சுவை தேடி

விடுமுறை வந்தால் வண்டி ஏறிச் சுற்றுலா செல்வது இன்று நம் இல்லங்களில் வழக்கமாகிவிட்டது. கோயில், கோட்டை, அருவி எல்லாம் பார்க்கிறோம். பசித்தால் நெடுஞ்சாலையோரப் பெரிய உணவகத்தில் நிற்கிறோம். எந்த மாவட்டத்திலும் கிடைக்கும் அதே பரோட்டாவும் ஃபிரைடு ரைசும்தான் அங்கும் கிடைக்கின்றன. வழியிலுள்ள சிற்றூர்களைக் கடந்தோமே தவிர, அறிந்தோம் என்று கூற இயலுமா? ஓர் ஊரின் சாப்பாட்டுக் கடையில் ஒரு வேளை உண்பதும் கல்வியே என்பதைக் கண்டனூர்ப் பகுதியைக் கொண்டு காண்போம்.

சிவகங்கை மாவட்டத்தில், காரைக்குடிக்கு அருகில், கோட்டையூருக்கு அப்பால் உள்ளது கண்டனூர். அதை ஒட்டியிருக்கிறது அரிசி ஆலைகள் நிறைந்த புதுவயல். இவ்விரண்டு ஊர்களின் பெயரையும் ஒரே ரயில் நிலையம் சேர்த்துத் தாங்குகிறது. தெருக்களில் நாட்டுக்கோட்டை நகரத்தார் கட்டிய பெரிய வீடுகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் பல, திருமணத்துக்கும் படைப்புக்கும் மட்டுமே திறக்கப்படுகின்றன.

இந்த வரலாற்றை இலையிலும் படிக்கலாம். நகரத்தார் பர்மா, இலங்கை, மலேயா, சைகோன் முதலிய இடங்களுக்குக் கடல் கடந்து வாணிகம் செய்தனர். பர்மாவிலிருந்து வந்த கறுப்புக் கவுனி அரிசி இன்றும் விருந்துகளில் இனிப்பாகிறது. அதை இரவே ஊறவைத்து, நெடுநேரம் வேகவைத்து, சர்க்கரை, நெய், தேங்காய்த் துருவல் சேர்ப்பார்கள். மசாலாவில் மணக்கும் அன்னாசிப்பூவோ சீனா, வியட்நாம் மலைப்பகுதிகளில் விளைவது. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்தது. விடுதலைக்குப் பின் அங்கே நிலங்கள் அரசுடைமையாயின. வாணிகம் முறிந்தது, சுவை மட்டும் அடுப்படியில் தங்கிவிட்டது.

மழை குறைந்த இம்மண்ணின் கதையும் உணவில் உண்டு. வெயிலே இங்கே செல்வம். வற்றலும் வடகமும் உப்புக்கண்டமும் அதனால் பிறந்தவையே.

செட்டிநாடு என்றாலே காரம் என எண்ணுவது தவறு. பச்சரிசியும் உளுந்தும் நைய அரைத்து, எண்ணெயில் ஊற்றி எடுக்கும் வெள்ளைப் பணியாரத்தில் காரமே இல்லை. தொட்டுக்கொள்ளும் வரமிளகாய்த் துவையலில்தான் உண்டு. உளுந்து மாவும் கருப்பட்டியும் நெய்யும் சேர்ந்த கும்மாயம், தேங்காய்ப்பாலில் ஊறும் பால் பணியாரம் ஆகியவை இனிப்பானவை. அன்றன்று வறுத்து அரைக்கும் மசாலாவின் மணமே இச்சமையலின் உயிர். பொட்டலப் பொடியில் அந்த மணம் வருவதில்லை.

சிறிய மெஸ்களில் அச்சிட்ட பட்டியலைத் தேடக்கூடாது. "இன்று என்ன இருக்கிறது?" என்று கேட்க வேண்டும். நண்பகலில் காலம் தாழ்த்தினால் குழம்புச் சட்டி காலியாகிவிடும். பணியாரத்துக்கு மாலை நேரமே உகந்தது. எந்தக் கடை நல்லது என்பதை அவ்வூர்க் கடைக்காரரிடமோ ஆட்டோ ஓட்டுநரிடமோ கேட்பது நலம். பரிமாறுபவரிடம் செய்முறையை மரியாதையுடன் கேட்டால், பெரும்பாலும் மகிழ்ந்து சொல்வார்கள்.

கேட்டதை எழுதி வைத்துக்கொள்வதும் நம் கடமை. இப்பலகாரங்களில் பல, ஏட்டில் இல்லாமல் பெண்களின் கைப்பழக்கத்தில் வாழ்பவை. அவர்களோடு அவை மறைந்துவிடும். காரைக்குடியில் மீனாட்சி மெய்யப்பன் அவர்கள் தம் குடும்பத்தின் பழைய விருந்தினர் இல்லத்தைப் 'பங்களா' என்னும் விடுதியாக்கி, அதன் சமையலை நூலாகவும் வெளிவரச் செய்தார். அதற்கு வாய்ப்பில்லாத எத்தனையோ சிறு அடுப்படிகள் உள்ளன. உண்ண வருவோர் குறைந்தால் கடை மூடும். கடை மூடினால் பிழைப்பும் போகும், அந்தக் கைப்பக்குவமும் போகும்.

யுனெஸ்கோ நிறுவனத்தின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014 முதல் இடம்பெற்றுள்ளன. வீடுகளைப் போற்றும் நாம் அவற்றின் அடுப்புகளை மறக்கலாமா? தோழியரே! அடுத்த பயணத்தில் புறவழிச்சாலையை விட்டு ஊருக்குள் திரும்பச் சொல்லி, வீட்டில் நாமே கேட்போம். அமர்ந்து உண்போம், சமைத்தவருக்கு நன்றி சொல்வோம், கேட்டறிந்த ஒரு பலகாரத்தையேனும் நம் வீட்டு அடுப்பில் செய்து பார்ப்போம்.