காலுக்குக் கரண்டு வைக்கலாமா?

போன மாதம் பால்மரக் காட்டில் வேலை செய்யும் ஓர் அம்மா சின்னப் பெட்டி ஒன்றை என் மேசைமேல் வைத்தார். "ஐயா, மகன் கோலாலம்பூர்ல வாங்கி அனுப்பிச்சான். இத காலுல ஒட்டினா எரிச்சல், வலியெல்லாம் போயிடுமாம். வைக்கலாமா?" என்றார்.

அதற்கு டென்ஸ் என்று பெயர். உள்ளே பேட்டரி, வெளியே கம்பிகள், நுனியில் ஒட்டும் பட்டைகள். வீட்டுக் கரண்டு அல்ல, பயம் வேண்டாம். லேசான மின்துடிப்பு தோல் வழியே நரம்பைத் தூண்டும். எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். சுள்ளென்று வலித்தால் அளவு கூடிப்போச்சு, குறைக்க வேண்டும்.

முழங்கால் கல்லில் இடித்தால் உடனே கையால் தேய்க்கிறோமே, ஏன்? 1965-ல் மெல்சாக், வால் என்ற இரு அறிஞர்கள் இதற்கு விளக்கம் சொன்னார்கள். முதுகுத்தண்டில் வலிக்கு ஒரு கதவு மாதிரி இருக்கிறது. தொடுஉணர்ச்சி நரம்புகள் தூண்டப்பட்டால் கதவு பாதி சாத்திக்கொள்கிறது. மூளைக்குப் போகும் வலி குறைகிறது. பெட்டி செய்வதும் அந்தத் தேய்ப்பு வேலைதான்.

ஆனால் வலியின் காரணத்தை இது தொடாது. சிலருக்குப் பெட்டி ஓடும்போதும் பிறகு கொஞ்ச நேரமும் சுகம். சிலருக்கு ஒன்றுமே இல்லை. காரணம் புலப்படாத நீண்டநாள் வலிக்கு இதைக் கொடுக்க வேண்டாம் என்று 2021-ல் இங்கிலாந்தின் மருத்துவ ஆலோசனை அமைப்பே சொல்லிவிட்டது. கடன்பட்டு வாங்காதீர்கள் என்பது என் அபிப்பிராயம்.

நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு இது ஆகாது. கர்ப்பிணிகளும் வலிப்பு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. புண்மேலும் மரத்துப்போன தோல்மேலும் ஒட்டவே கூடாது. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கிச் சூடாகிக் கெண்டைக்கால் வலித்தால் உள்ளே இரத்தம் கட்டியிருக்கலாம். பெட்டியைத் தூர வைத்துவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நடந்தால் கெண்டைக்கால் பிடித்து, நின்றால் விடுகிறதா? இரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். சுருட்டு, சிகரெட் பிடிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அந்த அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லிப் பாதத்தைப் பஞ்சால் தொட்டேன். "இன்னும் தொடலையா ஐயா?" என்று கேட்டார். பல வருஷமாக இனிப்புநீர். மாத்திரை நினைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. பெருவிரலுக்கு அடியில் பூட்ஸ் உரசி ஒரு கொப்புளம், உடைந்து சீழ் வைத்திருந்தது. அவருக்கே தெரியாது. அந்தக் காலில் பட்டையை ஒட்டித் தோல் வெந்திருந்தாலும் தெரிந்திருக்காது.

புண்ணுக்கு மருந்து கட்டி, அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். மகனுக்கும் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். பெட்டி இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது.