கொழுந்தைத் தேடும் கண்

தேயிலையில் பறிக்க வேண்டியது நுனி மொட்டும் அதையடுத்த இரண்டு இலைகளும்தான். கொஞ்சம் கீழே போனால் முற்றல். மடுவத்தில் நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை அதைக் கண்டுபிடித்துவிடுவார். பயந்து பயந்து மேலாகக் கிள்ளினால் கூடை நிறையாது. எதைக் கிள்ளுவது, எதை விடுவது என்று தீர்மானித்தபடியே இரண்டு கைகளும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கொழுந்து பறிப்பதைக் கைவேலை என்கிறோம். ஆனால் அந்தக் கையை ஓட்டுவது கண். நாற்பது வயதுக்கு மேல் கை பழகியபடியே இருக்க, கண் மட்டும் மெல்லப் பின்வாங்கத் தொடங்குகிறது.

இதற்குப் பெயர் வெள்ளெழுத்து. நோய் அல்ல, வயதின் கணக்கு. கண்ணுக்குள் இருக்கும் வில்லை இளமையில் மெதுமெதுப்பானது. பக்கத்துப் பொருளைப் பார்க்கும்போது சுற்றியுள்ள தசை இறுக, வில்லை புடைத்துக் குவியத் திறனைக் கூட்டும். ஆண்டுகள் ஏற ஏற வில்லை விறைத்துப்போகிறது. தசை இறுகினாலும் அது புடைப்பதில்லை. தூரத்து மலை துல்லியமாகத் தெரியும், கைக்கெட்டிய தளிர் கலங்கும். படிப்பவர் என்றால் புத்தகத்தைத் தள்ளிப் பிடித்துச் சமாளிப்பார். தேயிலைச் செடியைத் தள்ளிப் பிடிக்க முடியாது.

மாற்றுத்திறனாளிகளுக்கும் முதியோருக்கும் உதவும் தொழில்நுட்பம் என்றதும் பேசும் கைப்பேசியும் மின்சாரச் சக்கர நாற்காலியும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. உலக சுகாதார நிறுவனம் 2016-இல் வெளியிட்ட, 50 முன்னுரிமை உதவிச் சாதனங்களின் பட்டியலில் மூக்குக்கண்ணாடியும் இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியில் உருவான சாதனம் அது. எழுநூறு ஆண்டுகள் கடந்தும், வெள்ளெழுத்து இருந்தும் கண்ணாடி கிடைக்காமல் இருப்போர் 82 கோடிக்கு மேல் என்று அதே நிறுவனத்தின் 2019 பார்வை அறிக்கை கணக்கிட்டது.

கண்ணாடி போட்டால் கூடை கனக்குமா? 2017-இல் அசாமில் இதை நேரடியாகவே சோதித்துப் பார்த்தார்கள். நாற்பது வயதைக் கடந்த, வெள்ளெழுத்து உள்ள 751 தேயிலைத் தொழிலாளர்கள் தேர்வானார்கள். திருவுளச்சீட்டு முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு உடனே இலவசக் கண்ணாடி கொடுத்தார்கள். மறுபாதிக்கு ஆய்வு முடிந்த பிறகு. தோட்டம் வழக்கமாக எழுதும் அன்றாட நிறைக் கணக்குதான் அளவுகோல். கண்ணாடி அணிந்தவர்களின் சராசரி நாளொன்றுக்கு 25 கிலோவிலிருந்து 34.8 கிலோவுக்கு ஏறியது.

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். கண்ணாடி அணியாதவர்களின் சராசரியும் 26-லிருந்து 30.6-க்கு உயர்ந்திருந்தது, பருவம் வந்தால் கொழுந்து கூடத்தானே செய்யும். இரண்டாவது குழு இல்லாதிருந்தால் முழு ஏற்றத்தையும் கண்ணாடியின் கணக்கில் எழுதியிருப்பார்கள். பருவத்தின் பங்கைக் கழித்த பிறகு நின்றது நாளுக்கு ஐந்து கிலோவுக்குச் சற்று மேல், அதாவது 21.7 சதவீதம். ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் அது 31.6 சதவீதம். ஒருவருக்கான செலவு 10.20 அமெரிக்க டாலர். 2018-இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் இந்த ஆய்வு வெளியானது.

அந்த ஐந்து கிலோவின் பெறுமதியை இலங்கையின் ஊவா மலைகளில், பசறையிலோ நமுனுகுலையிலோ யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சொன்ன கிலோ வராத நாளில் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் கூலிதான் என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்த மலைகள் இவை. ஆனாலும் அசாமின் எண்ணை அப்படியே ஊவாவுக்குத் தூக்கிவர முடியாது. ஜூலை முதல் செப்டம்பர் வரை இங்கே வீசும் வறண்ட காற்றில் செடி மெதுவாகத்தான் துளிர்க்கும். ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கித் தரும் வாசனை அந்த மாதங்களில்தான் ஊறுகிறது. அப்போது கண்ணின் பயன் கிலோவில் தெரிவதைவிட, முற்றல் கலக்காத கொழுந்தில் தெரியக்கூடும்.

அதைவிடப் பெரிய வித்தியாசம் சரிவு. அசாமின் பிரமபுத்திரா சமவெளியில் பெண்கள் ஏறக்குறைய தட்டையான நிலத்தில் நடக்கிறார்கள். ஹப்புத்தளை, ஹல்துமுல்லைப் பக்கம் கூடையைச் சுமந்துகொண்டு ஈரக் கல்லிலும் கானோரத்திலும் கால்வைக்க வேண்டும். கொழுந்துக்கும் கண்ணுக்கும் இடையே சுமார் அரை மீட்டர். மேல்பக்கச் செடி என்றால் முகத்துக்கு இன்னும் கிட்ட. அரை மீட்டரில் தெளிவாகப் பார்க்க மொத்தம் இரண்டு டயாப்டர் திறன் போதும். அதில் ஒரு பகுதியைக் கண்ணே இன்னும் கொடுக்கும் என்பதால், ஐம்பதை நெருங்கும் பலருக்கு மெல்லிய கண்ணாடியே போதுமானது. பேப்பர் வாசிக்கவென்று விற்கும் 2.5 டயாப்டர் கண்ணாடியை எடுத்து மாட்டினால், குவியும் திறன் அறவே போன கண்ணுக்கு 40 சென்டிமீட்டருக்கு அப்பால் எல்லாம் மங்கல்தான். கொழுந்தும் சரியாகத் தெரியாது, அடுத்த படியும் தெரியாது.

இரட்டைக் குவியக் கண்ணாடி தீர்வாகாதா? சிக்கல் அதன் கீழ்ப்பாதியில் இருக்கிறது: கிட்டப் பார்வைக்கான அந்தப் பகுதி வழியாகத்தான் கால் வைக்கும் இடத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். 2010-இல் பி.எம்.ஜே. இதழில் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வொன்றில், இத்தகைய கண்ணாடி அணியும் முதியோர் சிலருக்கு வெளியே நடக்கத் தனியாகத் தூரப்பார்வைக் கண்ணாடி கொடுத்தார்கள். வழக்கமாக வெளியில் நடமாடுவோரிடம் விழுதல்கள் சுமார் 40 சதவீதம் குறைந்தன. வீட்டோடு இருப்போருக்கோ வெளியே விழுவது கூடியது. ஆகவே மலையில் வேலை செய்கிறவருக்கு வேண்டியது கயிறு கோத்துக் கழுத்தில் தொங்கும், செடி நிரையில் நிற்கும்போது மாட்டி நடக்கும்போது இறக்கிவிடும் எளிய கண்ணாடி.

நிலம் பார்த்துத்தான் சாதனம் என்பது கண்ணாடியோடு நிற்பதில்லை. சக்கர நாற்காலிச் சாய்தளத்துக்குப் பரவலாக ஏற்கப்பட்ட அளவு, ஒரு மீட்டர் உயரத்துக்குப் பன்னிரண்டு மீட்டர் நீளம். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கும் ரோட்டுக்கும் இடையே மூன்று மீட்டர் ஏற்றம் என்றால் 36 மீட்டர் சாய்தளம் வேண்டும். இலங்கையில் 2006-இல் வந்த அணுகல் விதிகள் பொதுக் கட்டடங்களுக்கானவை. லயத்து இஸ்தோப்பு என்னும் முன்திண்ணை அதில் வராது. நன்கொடையாக வந்த சக்கர நாற்காலி லயத்து அறையான காம்பராவுக்குள் துணி காயப்போடும் சட்டமாக மாறினால், அதற்கு வீட்டுக்காரரைக் குறை சொல்வது நியாயமில்லை.

கண்ணாடிக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் பரிசோதனையிலேயே பலர் நழுவிப்போகிறார்கள். ஆறு மீட்டர் தூரத்தில் மாட்டிய எழுத்துப் பலகையை வெள்ளெழுத்துக்காரர் கடைசி வரி வரை பார்த்துவிடுவார். அந்தப் பலகையை மட்டும் நம்பினால் “கண்ணு நல்லாத்தான் இருக்கு” என்று அனுப்பிவிட வேண்டியதுதான். தொழிலாளிக்குச் சோதனை செய்ய வேண்டிய தூரம் அரை மீட்டர். எழுத்து தெரியாதவருக்கு நூலும் ஊசியும் போதும், ஒரு தேயிலைக் கிளையே இன்னும் பொருத்தம்.

ஊவாவில் அசாம் சோதனையைத் திரும்பச் செய்து பார்ப்பது கடினமான காரியமல்ல. யார் எந்த நாளில் எத்தனை கிலோ பறித்தார் என்பது தோட்டத்துச் செக்ரோல் பதிவேட்டில் ஏற்கெனவே இருக்கிறது. அசாமில் கண்ணாடிக் காலம் பதினொரு வாரம்தான். ஒரு தோட்டத்தில் நாற்பதைத் தாண்டியவர்களைப் பிரட்டு என்னும் காலை ஆள்கணக்கு முடிந்ததும் டிஸ்பென்சரியில் பரிசோதித்து, பாதிப்பேருக்கு ஜூலைத் தொடக்கத்திலும் மீதிப்பேருக்கு மூன்று மாதம் கழித்தும் கண்ணாடி கொடுத்தால், வாசனைக் காலம் முடிவதற்குள் கணக்கு கைக்கு வந்துவிடும். முற்றல் இலைக்கு மட்டும் மடுவத்தில் இன்னொரு பத்தி சேர்த்து எழுத வேண்டியிருக்கும்.