பட்டத்தை மறைப்பதும் பொய்தானா?

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது சுயவிவரக் குறிப்பில் பொய் எழுதலாமா? யாரிடம் கேட்டாலும் "கூடாது" என்றுதான் பதில் வரும். ஆனால், இறுதியாண்டு மாணவர்கள் தங்கியிருக்கும் ஏதாவது ஒரு விடுதி அறைக்கு இரவு பதினொரு மணிக்கு மேல் போய்ப் பாருங்கள். மடிக்கணினியில் ரெசுமே திறந்திருக்கும். ஒருவர் தட்டச்சு செய்ய, மூவர் பின்னால் நின்று யோசனை சொல்லிக்கொண்டிருப்பார்கள். குழுப் பணியில் படம் ஒட்டிக் கொடுத்தவர் 'திட்டத் தலைவர்' ஆகிவிடுவார். ஒருநாள் பட்டறைக்குப் போய்ச் சோறு சாப்பிட்டு வந்தவர் அந்த மென்பொருளில் 'தேர்ச்சி பெற்றவர்' ஆகிவிடுவார். இதை யாரும் பொய் என்று அழைப்பதில்லை. 'அட்ஜஸ்ட் பண்ணுவது' என்பதுதான் அதற்குப் பெயர்.

நானும் பண்ணியிருக்கிறேன். தொழிற்பயிற்சிக்கு இடம் தேடியபோது ஜொகூர் பாருவில் நான் பார்த்த விளம்பரங்களில் பாதிக்கு மேல் ஒரே வரி இருந்தது: மாண்டரின் பேசத் தெரிந்தவர்களுக்கு முன்னுரிமை. ஆறாண்டு தமிழ்ப்பள்ளி, பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி என்று படித்து வந்த எனக்கு மாண்டரின் எங்கிருந்து வரும்? பத்து வரை எண்ணுவேன். கடையில் தேநீர் கேட்பேன். அவ்வளவுதான். பக்கத்து அறை அண்ணன் ஒருவர், "தம்பி, 'ஃபேர்'னு போட்டுரு லா. எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க, யாரு கேக்கப் போறா?" என்றார். போட்டேன். நேர்முகத் தேர்வில் எதிரே அமர்ந்திருந்த அம்மையார் என் ரெசுமேயைப் பார்த்துவிட்டு, சிரித்த முகத்தோடு மாண்டரினில் ஏதோ கேட்டார். நானும் சிரித்தேன். இரண்டாவது முறை கொஞ்சம் மெதுவாகக் கேட்டார். அதற்கும் என்னிடம் சிரிப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. பிறகு அவர் ஆங்கிலத்துக்கு மாறினார். அந்த ஒரு வரியைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதன்பிறகு நான் சொன்ன எதையும் அவர் குறித்துக்கொள்ளவும் இல்லை. என் புள்ளிகள், என் திட்டப்பணி எல்லாம் உண்மைதான். அவற்றையும் அந்த ஒரு வரி கெடுத்துவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம். ரெசுமேயில் மிகைப்படுத்துவதற்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் எதுவும் இல்லை. ஆனால், போலிச் சான்றிதழைக் காட்டினால் கதை வேறு. போலி ஆவணத்தை உண்மையான ஆவணமாகப் பயன்படுத்துவது தண்டனைச் சட்டத்தின் 471-ஆவது பிரிவின்படி குற்றமாகும். சான்றிதழ் எதுவும் காட்டாமல் விண்ணப்பப் படிவத்தில் பொய் எழுதியவரும் தப்பிவிட்டதாக நினைக்க வேண்டியதில்லை. நிறுவனப் படிவங்கள் பலவற்றின் கடைசிப் பக்கத்தில், "மேற்கண்டவை அனைத்தும் உண்மை, பொய்யெனத் தெரியவந்தால் என்னைப் பணிநீக்கம் செய்யலாம்" என்ற உறுதிமொழி இருக்கும். நாம் அதைப் படிக்காமலேயே கையெழுத்திடுகிறோம். 1967-ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு, நியாயமான காரணமின்றி வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் முறையிட வழி தருகிறது. ஆனால், அந்தக் காரணத்தை நாமே கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தால் என்ன செய்வது?

ஜொகூர்க்காரர்களாகிய நமக்கு இன்னொரு சட்டமும் பொருந்தும். பாலத்துக்கு அந்தப் பக்கம் போனால் ஒரு வெள்ளி மூன்று ரிங்கிட்டுக்கு மேல் ஆகிறது. அதனால் நம்மில் பலரின் முதல் விண்ணப்பம் சிங்கப்பூருக்குத்தான் போகிறது. அங்கு வேலை அனுமதிக்கான விண்ணப்பத்தில் பொய்த் தகவல் தருவது, வெளிநாட்டு மனிதவள வேலை நியமனச் சட்டத்தின்படி 20,000 வெள்ளி வரை அபராதமோ ஈராண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கக்கூடிய குற்றம். 2021-ஆம் ஆண்டில் இந்தியாவின் இமாச்சலப் பிரதேசத்தில் உள்ள மானவ் பாரதி பல்கலைக்கழகத்தின் பெயரில் போலிப் பட்டம் காட்டியதாக 23 வெளிநாட்டவரை விசாரிப்பதாகச் சிங்கப்பூர் மனிதவள அமைச்சு அறிவித்தது. அந்தப் பல்கலைக்கழகம் ஆயிரக்கணக்கில் பட்டங்களை விற்றதாக இந்தியாவில் வழக்கு நடந்துகொண்டிருந்த நேரம் அது.

அதன்பின் என்ன நடந்தது என்பதுதான் நமக்கு முக்கியம். 2023 செப்டம்பர் 1 முதல், 'எம்ப்ளாய்மெண்ட் பாஸ்' எனப்படும் உயர்நிலை வேலை அனுமதிக்குப் புதிதாக விண்ணப்பிப்பவர், தம் டிப்ளோமாவும் பட்டமும் உண்மையானவை என்பதற்குச் சரிபார்ப்புச் சான்று இணைக்க வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. இந்த விதிக்கு ஒரே ஒரு வழக்குதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால், பொய்ச் சான்றிதழ் நடமாடாத உலகில் இப்படி ஒரு விதிக்குத் தேவையே இருந்திருக்காது. யாரோ சிலர் சொன்ன பொய்க்கு, உண்மையாகப் படித்துப் பட்டம் வாங்கிய அடுத்தவர் பணத்தையும் நாளையும் செலவழிக்க வேண்டியிருக்கிறது. நம் நாட்டிலும் 2018-ஆம் ஆண்டில் கல்வி அமைச்சு 'இ-ஸ்க்ரோல்' எனும் மின்னியல் சான்றிதழ் முறையை அறிவித்தது. போலிப் பட்டங்களைத் தடுப்பதே அதன் நோக்கம்.

தமிழ் மொழிக் கழகத்து மலரில் எழுதும்போது வள்ளுவரைத் தொடாமல் போக முடியுமா? வாய்மை அதிகாரத்தின் இரண்டாம் குறளை, அதாவது 292-ஆம் குறளை, விடுதியில் நம் நண்பர்கள் தவறாமல் துணைக்கு அழைப்பார்கள். குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கத்தக்கது என்பது அதன் கருத்து. "பார்த்தாயா, குடும்பத்துக்காகச் சொல்லும் பொய்யை ஐயனே அனுமதித்துவிட்டார்!" என்பார்கள். அனுமதிதான், ஆனால் அந்த நன்மை 'குற்றமற்றதாக' இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை மட்டும் வசதியாக மறந்துவிடுவார்கள். ஒரு வேலைக்கு இருநூறு பேர் விண்ணப்பிக்கிறார்கள், எடுப்பது ஒருவரைத்தான். என் பொய்யால் நான் உள்ளே போனால், உண்மையை எழுதிய ஒருவர் வெளியே நிற்கிறார். அவர் முகம் எனக்குத் தெரியாது. என்னால்தான் வாய்ப்பு போயிற்று என்பது அவருக்கும் தெரியப்போவதில்லை. ரெசுமே பொய்யைப் பற்றிப் பேசும் நாம் எப்போதும் முதலாளி ஏமாந்தாரா இல்லையா என்றே பேசுகிறோம். பெரிய நிறுவனம் ஏமாந்தால் என்ன போயிற்று என்று மனமும் சமாதானம் சொல்கிறது. என்னைக் கேட்டால், எடைபோட வேண்டியது வெளியே நிற்கும் அந்த ஒருவரை வைத்துத்தான்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் நடந்த ஒரு நிகழ்ச்சி இங்கு நினைவுகூரத்தக்கது. மாரிலி ஜோன்ஸ் என்பவர் 1979-இல் அங்கு மாணவர் சேர்க்கை அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து அதன் தலைவரானார். மதிப்பெண்ணுக்கும் சாதனைப் பட்டியலுக்கும் பின்னால் மாணவர்கள் ஓட வேண்டாம் என்று நாடு முழுக்கப் பேசியவர். அதைப் பற்றி நூலும் எழுதியவர். 2007 ஏப்ரலில் அவர் பதவி விலகினார். தமக்கு இருப்பதாக அவர் குறிப்பிட்டிருந்த பட்டங்கள் உண்மையில் அவரிடம் இல்லை. வேதனை என்னவென்றால், அவர் முதலில் சேர்ந்த வேலைக்குப் பட்டமே தேவைப்படவில்லை. தேவையில்லாத இடத்தில் சொன்ன பொய்யைத் திருத்த இருபத்தெட்டு ஆண்டுகளில் தமக்குத் துணிவு வரவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். நம் நாட்டிலும் 2019 பிப்ரவரியில், அப்போதைய துணை வெளியுறவு அமைச்சர் மார்சுக்கி யாஹ்யா, தம்முடைய 'கேம்பிரிட்ஜ்' பட்டம் பிரிட்டனின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பெற்றதன்று, அமெரிக்காவில் உள்ள 'கேம்பிரிட்ஜ் இண்டர்நேஷனல் யூனிவர்சிட்டி'யில் பெற்றது என்று விளக்கம் தர நேர்ந்தது. அந்தச் சில நாள்கள் சமூக ஊடகங்களில் ஓடிய கிண்டல் பலருக்கு நினைவிருக்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் இல்லாததை இருப்பதாகச் சொல்லும் பொய். இருப்பதை இல்லை என்று சொல்லும் பொய்யும் ஒன்று உண்டு. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதால்தான் இந்தக் கட்டுரையையே எழுதத் துணிந்தேன்.

என் அக்கா 2020-ஆம் ஆண்டில் பட்டப்படிப்பை முடித்தார். நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பில் இருந்த காலம். எட்டு மாதம் வீட்டில் இருந்தார். பி.டி.பி.டி.என். கடனைத் திருப்பிக் கட்ட வேண்டும். அப்பாவுக்கும் அப்போது வேலை நாள்கள் குறைந்திருந்தன. ஜொகூரில் ஒரு தொழிற்சாலையில் ஆப்பரேட்டர் வேலைக்கு ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டுப் போனார். அங்கு வேலை செய்யும் பக்கத்து வீட்டு அத்தை முன்கூட்டியே எச்சரித்திருந்தார்: "டிகிரின்னு எழுதாதேம்மா. நல்ல வேலை கெடைச்சா ஓடிருவேன்னு எடுக்க மாட்டாங்க." படிவத்தில் 'உயர்ந்தபட்சக் கல்வித் தகுதி' என்ற இடத்தில் அக்கா எஸ்.பி.எம். என்று எழுதினார். வேலை கிடைத்தது. இன்றும் அங்குதான் இருக்கிறார். பட்டமளிப்பு விழாப் படம் வீட்டு வரவேற்பறையில் தொங்குகிறது. தொழிற்சாலைத் தோழிகள் வீட்டுக்கு வரும் நாளில் மட்டும் அம்மா அதைக் கழற்றி அறைக்குள் வைத்துவிடுவார்.

அக்காவின் கதை அபூர்வமானதன்று. உயர்கல்வி பெற்று வேலை செய்பவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் தம் கல்விக்குக் குறைந்த திறன் கேட்கும் வேலையில் இருப்பதாகவே 2023, 2024-ஆம் ஆண்டுகளின் புள்ளிவிவரத் துறை அறிக்கைகள் காட்டின. அவர்களில் எத்தனை பேர் பட்டத்தை மறைத்துச் சேர்ந்தார்கள் என்பது அவரவருக்குத்தான் தெரியும்.

இந்தியாவில் இப்படி ஒரு விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. பஞ்சாப் நேஷனல் வங்கி 2016-ஆம் ஆண்டில் பியூன் வேலைக்கு விளம்பரம் செய்தது. பன்னிரண்டாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும், ஆனால் பட்டதாரியாக இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. 2014-ஆம் ஆண்டிலேயே பட்டம் பெற்றுவிட்ட ஒடிசா இளைஞர் ஒருவர் அதைக் குறிப்பிடாமல் விண்ணப்பித்துத் தேர்வானார். உண்மை தெரிந்ததும் வங்கி அவர் நியமனத்தை ரத்து செய்தது. ஒடிசா உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. கூடுதல் கல்வி ஒரு குறையாகுமா என்றுதான் நமக்கும் கேட்கத் தோன்றும். ஆனால், 2020 நவம்பர் 3-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வங்கிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஒரு வேலைக்கு என்ன தகுதி என்று முடிவு செய்வது வேலை தருபவரின் உரிமை. நிபந்தனை தவறு என்றால் அதை எதிர்த்து வழக்கிட்டிருக்கலாம். அப்படிச் செய்யாமல், தெரிந்தே மறைத்தவர் அந்த வேலையில் உரிமை கோர முடியாது என்பது தீர்ப்பின் சாரம்.

தீர்ப்பை முதலில் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. பியூன் வேலைக்காகத் தன் பட்டத்தை ஒளித்துவைக்கும் நிலைக்கு ஓர் இளைஞன் தள்ளப்பட்டிருக்கிறானே என்று யாரும் கேட்கவில்லையா? பிறகு, மேலே நானே சொன்ன அளவுகோலை எடுத்து வைத்துப் பார்த்தேன். வெளியே நிற்பவர் யார்? பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுபோன ஒருவர். அவர் எட்டக்கூடிய வேலைகளே சில. அவற்றில் ஒன்றில் பட்டதாரி வந்து உட்கார்ந்துவிட்டார். கோபம் முழுக்கத் தீரவில்லை. ஆனால் முன்போல் உறுதியாகவும் இல்லை. அக்காவின் தொழிற்சாலை விஷயம் சற்று வேறு. பட்டதாரி கூடாது என்று அங்கு விளம்பரம் எதுவும் இல்லை. ஆனால், படிவம் நேராகக் கேட்டது. அங்குதான் இடறுகிறது. கேட்காததைச் சொல்லாமல் விடுவது வேறு, கேட்டதற்கு மாற்றிச் சொல்வது வேறு. ரெசுமே நாமாக எழுதுவது. பகுதிநேரமாகப் பெட்ரோல் நிலையத்தில் வேலை செய்ததையோ தவணை ஒன்றில் தோற்றதையோ அதில் எழுதாமல் விட நமக்கு உரிமை உண்டு. படிவம் அப்படியன்று.

வேலை தருபவர்கள் மட்டும் நேர்மையாகவா நடக்கிறார்கள் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். லீ ஹ்வோக் ஆன், முஹம்மட் அப்துல் காலிட் என்ற இரு பொருளியல் ஆய்வாளர்கள், மலாய், சீனப் பெயர்களில் கற்பனையான ரெசுமேக்களைத் தீபகற்ப மலேசியாவில் வந்த உண்மையான வேலை விளம்பரங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். அந்த ஆய்வு 2016-ஆம் ஆண்டு ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்தது. நேர்முகத் தேர்வுக்கு அழைக்கப்படுவதில் ரெசுமேயின் தரத்தைவிட இனமே கூடுதலாகப் பங்காற்றுவதாக அவர்கள் கண்டார்கள். இந்தியப் பெயர்கள் அந்த ஆய்வில் இல்லை. நாம் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். (இந்த உண்மையைக் கண்டுபிடிக்கவும் பொய் ரெசுமேதான் தேவைப்பட்டது என்பது வேடிக்கை!) தொழிற்சாலைக்குள் மலாய் மொழியிலேயே வேலை நடக்கும் இடத்துக்கும் மாண்டரின் கேட்கும் விளம்பரம், சில வேளைகளில் மொழியைத்தான் கேட்கிறதா என்ற ஐயம் எனக்கும் உண்டு. ஆனால், அந்த அநியாயத்துக்கு என் 'ஃபேர்' பதிலாகவில்லை. அந்த அறையில் மாட்டிக்கொண்டது விளம்பரம் எழுதியவர் அல்ல, நான்தான்.

இப்போது என் ரெசுமேயில் மாண்டரின் வரி இல்லை. மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றும் இருக்கின்றன. தமிழுக்கு நேரே 'மிகச் சிறப்பு' என்று போட்டிருக்கிறேன். நேர்முகத் தேர்வில் யாராவது தமிழில் கேள்வி கேட்டால் நன்றாகத்தான் இருக்கும்!

அக்காவுக்கு இப்போது ஒரு சிக்கல். தொழிற்சாலையில் லைன் லீடர் பதவிக்கு உள்ளேயே ஆள் தேடுகிறார்கள். டிப்ளோமா அல்லது அதற்கு மேல் தகுதி வேண்டும். மேற்பார்வையாளர் அக்காவைப் பார்த்து, "நீ மட்டும் படிச்சிருந்தா உன்னையே போட்டிருப்பேன்" என்று சொன்னாராம். சான்றிதழ் அலமாரியில் துணிகளுக்கு அடியில் இருக்கிறது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால், முன்பு எழுதிக் கொடுத்த படிவமும் கூடவே வெளியே வரும். நேரே மனிதவளப் பிரிவுக்குப் போய் நடந்ததைச் சொல்லிவிடலாமா என்று போன வாரம் என்னிடம் கேட்டார். சொல்லிவிடு என்று என் வாயில் வந்தது. மாதக் கடைசியில் வீட்டுக்கு வரும் அந்தச் சம்பளத்தை நினைத்து, சனிக்கிழமை வந்து பேசுகிறேன் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.