நிலவைப் பார்க்கப் போன ஆசிரியர்கள்

பல வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய ஆசிரியர்கள் மேற்பட்டப் படிப்புக்காக ஒரு பெரிய சர்வகலாசாலைக்கு வந்து சேருகிறார்கள். கனமான புத்தகங்களும் கடினமான தத்துவங்களும் காத்திருக்கும் என்று நோட்டும் பேனாவுமாக உட்காருகிறார்கள். பேராசிரியை கொடுக்கும் வீட்டுப் பாடமோ விசித்திரமானது. வெளியே போய்ச் சந்திரனைப் பாருங்கள், எப்போது எங்கே எந்த வடிவில் பார்த்தீர்கள் என்று எழுதி வாருங்கள் என்கிறார். ஒரு நாளோடு முடிகிற வேலை அல்ல இது. வாரக் கணக்கில், மாதக் கணக்கில் நீளும்.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரை அடுத்த கேம்பிரிட்ஜில் இருக்கிறது உலகப் புகழ் பெற்ற ஹார்வர்டு சர்வகலாசாலை. அதன் கல்வித் துறையில் 1980-களில் எலினார் டக்வர்த் அம்மையார் நடத்திய வகுப்பில்தான் இந்த வேடிக்கை நடந்தது. வேடிக்கை என்று முதலில் நினைத்தவர்கள் பின்னால் அப்படி நினைக்கவில்லை.

டக்வர்த் 1935-ல் கானடாவில் மான்ட்ரியால் நகரில் பிறந்தவர். யுத்த எதிர்ப்பு இயக்கத்தில் பெயர் பெற்ற மியூரியல் டக்வர்த் இவருடைய தாயார். ஸ்விட்ஜர்லாந்தில் ஜெனீவா சென்று, குழந்தைகளின் அறிவு வளர்ச்சியை ஆராய்ந்த மேதை பியாஜேயிடம் பயின்றார். 1964-ல் பியாஜே அமெரிக்காவுக்கு வந்து சொற்பொழிவாற்றியபோது அவருடைய பிரெஞ்சுப் பேச்சை ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னவரும் இவரே. தொடக்கப் பள்ளிகளுக்கு விஞ்ஞானப் பாடங்களைத் தயாரிக்கும் குழுவிலும் வேலை பார்த்தார். ஒன்றைப் புரிந்துகொள்வது என்றால் என்ன என்பதை அங்கேதான், பெரிய வயதில், தாமே ஒரு மாணவியாக இருந்து அனுபவித்தார். அந்த அனுபவத்தை மற்ற ஆசிரியர்களுக்கும் கொடுக்க வேண்டும் என்பதே அவர் வகுப்பின் நோக்கம்.

பகலில் சந்திரனா?

சந்திரனைப் பற்றித் தெரியாத ஆசிரியர் உண்டா? சூரியன், பூமி, சந்திரன் மூன்றையும் கரும்பலகையில் வட்டம் வட்டமாகப் போட்டு விளக்கியவர்களாயிற்றே! ஆனால் படம் வேறு, வானம் வேறு. இரவில் தேடினால் சந்திரன் இல்லை. மறுநாள் பட்டப்பகலில், நீல வானத்தில், வெள்ளைத் துணிக் கிழிசல் போலத் தொங்குகிறது. பகலில் சந்திரன் தெரியும் என்பதே சிலருக்குப் புதுச் செய்தி. நேற்று இதே நேரத்தில் அந்த மரத்துக்கு மேலே இருந்தது, இன்று ஏன் இவ்வளவு கிழக்கே போய்விட்டது? குறிப்பு எழுத எழுதத் தெரிந்தது கரைகிறது; தெரியாதது வளர்கிறது.

வளர்பிறை, தேய்பிறை ஏன் உண்டாகின்றன என்று கேட்டால், பூமியின் நிழல் சந்திரன் மேல் விழுவதால் என்று படித்தவர்களிலும் பலர் சொல்வார்கள். தவறான பதில், ஆனால் பல தேசங்களில் மிகப் பரவலான பதில். சூரியனும் அரைச் சந்திரனும் ஒரே வானத்தில் சேர்ந்து நிற்கும் மாலை ஒன்றில் இதை யோசித்துப் பார்க்க வேண்டும். பூமியின் நிழல் எப்போதும் சூரியனுக்கு எதிர்த் திசையில்தான் விழும். சூரியன் மேலே இருக்கும்போது அந்த நிழல் அடிவானத்துக்குக் கீழே கிடக்கும். பிறகு அது தலைக்கு மேலே நிற்கும் சந்திரனைத் தொடுவது எப்படி? அந்த நேரத்தில் ஒரு பந்தைச் சந்திரன் இருக்கும் திசைக்கு நேராக, வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தால் போதும். பந்திலும் அதே அரை வட்டம்தான் வெளிச்சமாகத் தெரியும். நிழலுக்கு அங்கே வேலையே இல்லை.

இதை ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடலாம். டக்வர்த் சொல்ல மாட்டார்; அதுதான் அவர் முறை. பொருளைக் கண் முன்னே வைப்பது, அதைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று கேட்பது, இன்னும் கேட்பது. விளக்கம் சொல்ல வேண்டியது மாணவர். புரிந்துகொள்ள முயல வேண்டியது ஆசிரியர். இந்தத் தலைகீழ் ஏற்பாட்டை 1986-ல் வெளிவந்த ஒரு கட்டுரையில் விவரித்தார். பாடம் சொல்லுவதையே ஓர் ஆராய்ச்சி ஆக்கலாம் என்பது அதன் சாரம்.

கெவினின் குழாய்கள்

ஏழு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி டக்வர்த் எழுதியிருக்கிறார். கெவின் என்பது கட்டுரையில் அவன் பெயர். உறிஞ்சு குழாய்களை வெவ்வேறு நீளத்தில் வெட்டி வைத்துக்கொண்டு, சிறியதிலிருந்து பெரியது வரை வரிசைப்படுத்தச் சொல்வது பரீட்சை. அவர் வாயைத் திறப்பதற்குள்ளேயே, என்ன செய்யப் போகிறேன் என்று எனக்குத் தெரியும் என்றான் கெவின். தானாகவே வரிசைப்படுத்தியும் விட்டான். கேட்கப்போகும் கேள்வியை அவன் ஊகித்துவிட்டான் என்று நாம் நினைப்போம். டக்வர்த் அப்படி எண்ணவில்லை. அந்தக் குழாய்களைப் பார்த்ததும் அவனுக்கே ஓர் அருமையான யோசனை தோன்றியது என்று கண்டுகொண்டார். 1987-ல் அவர் வெளியிட்ட கட்டுரைத் தொகுதியின் தலைப்பே அருமையான யோசனைகள் தோன்றுவதைப் பற்றியதுதான்.

கெவினுக்கு வாய்த்தது நம் வகுப்பில் எத்தனை பிள்ளைகளுக்கு வாய்த்தது என்ற கேள்வி, நோட்டுப் புத்தகத்தோடு வெளியே நிற்கும் ஆசிரியரைச் சும்மா விடாது. தமக்குப் பதில் தெரியாமல் திண்டாடும்போதுதான், பின் பெஞ்சில் வாய் மூடி உட்கார்ந்திருந்த பையனின் முகம் நினைவுக்கு வரும். தலையை ஆட்டிய பிள்ளைக்கெல்லாம் புரிந்தது என்று எண்ணிக் கடந்து போன பாடங்களும் நினைவுக்கு வரும். கெட்டிக்கார ஆசிரியருக்கு இது சுகமான ஞாபகம் அல்ல. கற்றதை மட்டுமல்லாமல் கற்ற விதத்தையும் அவர்கள் எழுத வேண்டியிருந்தது: எங்கே குழம்பினோம், எந்தக் கேள்வி உதவியது, எவருடைய அவசர விளக்கம் வாயை அடைத்தது என்று.

ஆட்சேபம் இல்லாமல் இல்லை. நாற்பது பிள்ளைகள், வருஷ முடிவில் பரீட்சை, முடிக்க வேண்டிய பாடத் திட்டம். ஒரு சந்திரனுக்கே மூன்று மாதம் என்றால் மற்றவை என்ன ஆவது? நியாயமான கேள்வி. ஆழமாகப் போனால் அகலமும் தானாக வரும் என்பது டக்வர்த்தின் நம்பிக்கை. பாடத் திட்டம் போடுகிறவர்கள் எந்த ஊரிலும் அதைச் சுலபமாக ஏற்பதில்லை. அவரிடம் பயின்றவர்களும் தங்கள் வகுப்புக்குத் திரும்பியபின், மணி அடிப்பதற்குள் எவ்வளவு கேட்பது, எவ்வளவு சொல்வது என்று தினமும் கணக்குப் போட வேண்டியவர்கள்தாம்.

நம் நாட்காட்டியில் திதி இருக்கிறது. பஞ்சாங்கத்தில் எல்லாம் இருக்கிறது. மூன்றாம் பிறையைக் கும்பிடுகிறவர்களும் ஏராளம். பாஸ்டனில் செப்டம்பர், அக்டோபர் மாலைகளில் பிறை ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கும். நம் ஊரிலோ தோணி போலச் சாய்ந்து கிடக்கிறது. ஏன் என்று அந்த வகுப்பில் கேட்டிருந்தால் பதில் கிடைத்திராது. எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் பார்த்து நின்றீர்கள் என்ற கேள்விதான் திரும்பி வந்திருக்கும்.